கண்ணாடிக்குள் இருக்கும் தாத்தா

தமிழ்நாட்டு வீடுகளின் கூடத்துச் சுவரில், உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, முன்புறம் கொஞ்சம் சாய்ந்தாற்போல் ஆணியில் தொங்கும் படங்களை நேயர்கள் யாவரும் அறிவார்கள். கோட்டும் தலைப்பாகையும் அங்கவஸ்திரமுமாக நாற்காலியில் வீற்றிருக்கும் தாத்தா; பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு கையை நாற்காலியின் முதுகில் வைத்திருக்கும் பாட்டி; காலடியில், 'அசையாதே' என்று காமிராக்காரர் அதட்டியதால் விழித்தது விழித்தபடியே இருக்கும் ஒரு குழந்தை. அந்தக் குழந்தைக்கு இன்று பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

வீடு விலையாகிறது, அல்லது இடித்துவிட்டு அடுக்கு மாடி எழுப்பப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்டா, குண்டான், ஊஞ்சல் பலகை முதலியவற்றைப் பாகம் பிரிப்பது எளிது. படமோ ஒன்றே ஒன்று; வாரிசுகளோ ஐந்து பேர். ஆகவே ஆளுக்கொரு பிரதி செல்போனில் எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு அதைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் சங்கதி விளங்குகிறது. தாத்தாவின் கோட்டின்மேல் ஜன்னல் கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. நெற்றியில் விபூதி இருந்த இடத்தில் குழல் விளக்கு ஒன்று படுத்திருக்கிறது. மார்பில், படம் எடுத்தவருடைய சொந்தத் தொப்பை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாசி படர்ந்த குளத்து நீரைப்போல் ஒரு பச்சைச் சாயல். இதற்குள் அசல் படம் எங்கே போயிற்று என்று கேட்டால், சாமான்களோடு எந்தப் பரணிலோ ஏறிவிட்டது என்கிறார்கள்.

நம்மவர்களுக்குச் சரித்திரம் எழுதி வைக்கும் வழக்கம் இல்லை என்று குறை கூறுவோர் உண்டு. அரசர்களுக்காவது கல்வெட்டு இருக்கிறது. சாதாரணக் குடும்பத்தின் சரித்திரமோ பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்குள் இருக்கும் ஒற்றைக் காகிதந்தான். பல வீடுகளில் அதற்கு நெகட்டிவும் கிடையாது. எடுத்த ஸ்டூடியோவும் கிடையாது. ஆகையால் அதைப் பிரதி எடுப்பதை நாம் விளையாட்டுக் காரியமாகக் கருதுவதற்கில்லை.

"கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்தால் தீர்ந்தது!" என்று சிலர் சொல்லக்கூடும். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். பழைய காலத்தில் சட்டம் போட்டவர்களில் பலர், படத்தை நேரே கண்ணாடியின்மேல் கவிழ்த்து, பின்னால் மெல்லிய பலகையை வைத்து, சிற்றாணி அடித்துவிடுவார்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூச்சுவிட இடம் இராது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவற்றின் மேல்பூச்சு ஜெலாட்டின் என்னும் பசை. மிருகங்களின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது அது. (ஆசார சீலரான தாத்தாவிடம் இதை அப்போது யாரும் சொல்லவில்லை போலும்.) ஐப்பசி அடைமழையில் இந்தப் பசை ஈரத்தை உறிஞ்சி உப்பும், தை மாதத்து வெயிலில் உலரும். இப்படி ஐம்பது, அறுபது மழைக்காலங்கள் ஆனால் ஆங்காங்கே கண்ணாடியோடு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். படத்தைச் சாய்த்துப் பார்த்தால், ஒட்டிய இடம் ஈரம் பட்டதுபோல் சற்றுக் கறுத்துத் திட்டாகத் தெரியும். அப்படி ஒரு திட்டு முகத்தில் இருக்கும்போது கண்ணாடியை இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும்; கழுத்துக்குக் கீழே உள்ளது மட்டும் நம் கையில் மிஞ்சும். பழுது பார்ப்பதில் தேர்ந்த நிபுணர்களே, முதலில் இருக்கும் நிலையில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் கைவைப்பார்கள். ஆகவே, திட்டு தென்படுகிற படத்தைக் கண்ணாடியோடேயே எடுத்தாக வேண்டும். அதை எப்படி எடுப்பது, எடுத்ததை எவ்வளவு தூரம் திருத்தலாம் என்பதே இந்த வாரத்து விஷயம்.

கண்ணாடி நமக்குச் செய்யும் இடையூறு இரண்டு வகை. ஒன்று கூட்டல், மற்றொன்று குறைத்தல். இவ்விரண்டையும் பிரித்தறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கூட்டல் என்பது பிரதிபலிப்பு. கண்ணாடியின்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு முன்முகத்திலிருந்தும், ஏறக்குறைய அதே அளவு பின்முகத்திலிருந்தும் திரும்பி வருகிறது. ஆக நூற்றுக்கு 8. இது அற்பம் என்று தோன்றும். ஆனால் படத்திலுள்ள கறுப்புக் கோட்டும் தலைமயிரும் தம்மேல் விழும் ஒளியில் அவ்வளவுகூடத் திருப்பி அனுப்புவதில்லை. மேலும், வெயில் அடிக்கும் முற்றம் கூடத்தைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேல் பிரகாசமாயிருக்கும். நூறு மடங்கில் நூற்றுக்கு 8 என்றால், கூடத்து வெளிச்சத்தைப்போல் 8 மடங்கு! கோட்டின்மேல் ஜன்னல் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்பது இப்போது விளங்கும். ஈரத்திட்டுபோல் தெரிவதற்குக் காரணமும் இதுவே. பசை ஒட்டிக்கொண்ட இடத்தில் கண்ணாடியின் பின்முகப் பிரதிபலிப்பு அநேகமாக இல்லாமற் போகிறது. ஆகவே அந்த இடம் மட்டும் கறுத்துத் தோன்றுகிறது.

குறைத்தல் என்பது சாயல். சாதாரணக் கண்ணாடி செய்யும் மணலில் இரும்புச் சத்து கொஞ்சம் கலந்திருக்கிறது. அது சிவப்பு ஒளியில் சிறிது விழுங்கிவிடுகிறது. ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து ஓரத்தின் வழியாகப் பாருங்கள். நல்ல பச்சையாக இருக்கும். ஆனால் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். படச்சட்டத்தில் இருக்கும் 2 மில்லிமீட்டர் கண்ணாடி செய்யும் பச்சை மிகவும் சொற்பம். வீட்டுச் சுவரின் பச்சைச் சுண்ணாம்பும், ஒரு பக்கம் குழல் விளக்கும் மறுபக்கம் ஜன்னல் வெளிச்சமுமாகக் கலந்து அடிப்பதும் செய்யும் அநியாயமே அதிகம். பழி மட்டும் கண்ணாடியின் தலையில் விழுகிறது.

நம் கண்ணுக்கு இவையெல்லாம் ஏன் உறுத்துவதில்லை? நமக்குக் கண் இரண்டு, தலையும் அசைகிறது. ஜன்னலின் பிம்பம் கண்ணாடிக்கு அப்பால் வெகு தூரத்தில் இருப்பதாக மனம் உணர்ந்து அதை ஒதுக்கிவிட்டு, தாத்தாவை மட்டும் பார்த்துக்கொள்கிறது. காமிராவுக்குக் கண் ஒன்று, மனமோ கிடையாது. எனவே நாம் ஒதுக்கியதையும் அது சிரத்தையாக எழுதி வைத்துவிடுகிறது.

இனி, எடுக்கும் விதம். படத்தை இறக்குமுன் கயிறு இற்றிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பேராக இறக்குங்கள். கண்ணாடியை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கலாம். தண்ணீரோ வேறு திரவமோ தெளிக்கலாகாது. சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிப் படத்தைத் தொட்டுவிடும். பிறகு, படம் வெளிச்சத்திலும் எடுப்பவர் இருட்டிலும் இருக்கும்படி இடம் அமைக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி வைத்து, நேர் வெயில் படாமல் பார்த்துக்கொண்டு, கூடத்து விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டால் வெளிச்சம் ஒரே இனமாக இருக்கும். விழும் கோணமும் மீளும் கோணமும் சமம் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உருப்போட்டு ஒப்பிக்கிற பாடம். பக்கத்திலிருந்து சரிந்து விழுகிற ஒளி மறுபக்கத்துக்குச் சரிந்து போய்விடுமேயல்லாமல், நேரே நிற்கும் காமிராவுக்கு வராது. பிளாஷ் விளக்கோ நேரே போய் நேரே திரும்பும். அதை மறந்தும் போடக்கூடாது.

மிச்சமிருக்கும் எதிரி படம் எடுப்பவரே. வெள்ளை வேஷ்டி, வெள்ளைச் சட்டை என்னும் நம் தேசிய உடை வேறு எத்தனையோ காரியங்களுக்கு உத்தமமானது. இந்தக் காரியத்துக்கு மட்டும் ஆகாது. கறுப்புக் கம்பளியோ துணியோ ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு, அதில் லென்ஸ் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிறு துவாரம் செய்து, அதன் பின்னால் நின்று எடுங்கள். கம்பளி அகப்படாவிட்டால் தாத்தாவின் கறுப்புக் குடையையே விரித்துப் பிடிக்கலாம். ஓட்டைக் குடைக்கும் ஒரு பிரயோஜனம் உண்டு என்பதை அப்போது காண்பீர்கள். செல்போனை மிகவும் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் விகாரமாகும். நாலைந்து அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுப்பது நலம்.

சரிந்து நின்று எடுக்கும்படி நேர்ந்தால் வேறொரு உபாயம் கைகொடுக்கும். அதன் கதை பாரிஸில் ஆரம்பிக்கிறது. 1808-ஆம் ஆண்டில் மாலுஸ் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, எதிரேயிருந்த லக்ஸம்பர்க் அரண்மனையின் ஜன்னல் கண்ணாடியில் பட்டு மீண்ட சூரிய ஒளியை ஐஸ்லாந்துப் படிகம் ஒன்றின் வழியாகப் பார்த்தார். அந்தப் படிகம் எதையும் இரட்டையாகக் காட்டும் இயல்புடையது. அதைத் திருகத் திருக, இரண்டு சூரியன்களும் சமமாக இராமல் ஒன்று மாற்றி ஒன்று மங்குவதைக் கண்டார். ஒளியின் அதிர்வு எல்லாத் திசையிலும் இருக்கக்கூடியது. கண்ணாடியில் பட்டு மீளும்போது அது ஒரே திசைக்கு அடங்கிவிடுகிறது என்பது இதன் தாத்பரியம். 1815-ல் ஸ்காத்லாந்துக்காரரான புரூஸ்டர் இதற்குக் கணக்கு வகுத்தார். கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறக்குறைய 56 பாகை சரிந்து பார்க்கும்போது இந்த அடக்கம் பூரணமாக இருக்கும். அப்படி அடங்கிய ஒளியை மட்டும் தடுத்து நிறுத்துகிற தகட்டை லென்ஸின்மேல் வைத்துத் திருகினால் பிரதிபலிப்பு திரைபோல் விலகிவிடும். இதுவே காமிராக் கடைகளில் விற்கும் போலரைசிங் பில்டர்.

இந்தச் சிறு யுக்தி நம் தேசத்துக்குச் செய்த உபகாரத்தை நினைத்தால் நமக்குப் புல்லரிக்கிறது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. ராமன் 1921-ல் இங்கிலாந்து சென்று, 'நார்க்கண்டா' என்னும் கப்பலில் பம்பாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. கடலின் நீலம் வேறொன்றுமில்லை, வானத்தின் நீலம் அதில் பிரதிபலிப்பதே என்பது அந்நாளில் பேரறிஞரான ராலே பிரபு சொல்லியிருந்த தீர்ப்பு. ராமன் தம்மிடமிருந்த நிக்கல் பட்டகம் என்ற சிறு கருவியைத் தக்க கோணத்தில் பிடித்து, நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை அகற்றிவிட்டுக் கடலைப் பார்த்தார். ராலே சொன்னது மெய்யானால், வானத்தின் பிம்பம் போனதும் நீலமும் போயிருக்க வேண்டும். போகவில்லை, முன்னிலும் அழுத்தமாகத் தெரிந்தது. அந்த நீலம் தண்ணீர் தானே ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாவது என்று கண்டு, கப்பலிலிருந்தே 'நேச்சர்' பத்திரிகைக்கு எழுதினார். திரவங்களில் ஒளி சிதறுவதை அங்கிருந்து தொடர்ந்து ஆராய்ந்ததன் பயன்தான் 1928 பிப்ரவரி 28-ஆம் தேதிக் கண்டுபிடிப்பும், 1930-ஆம் ஆண்டின் நோபெல் பரிசும். மேலே படிந்த பிம்பத்தை விலக்கினால்தான் உள்ளே இருக்கும் நிறம் தெரியும் என்ற இதே காரியத்தையே அவர் கடல்மேல் செய்தார். நாம் கூடத்தில் செய்கிறோம்.

ஆனால் பில்டர் விற்பவர் சொல்லாமல் விடுகிற ஒன்றை நாம் சொல்லிவிட வேண்டும். படத்துக்கு நேர் எதிரே நின்றால் இந்தப் பில்டரால் காலணாப் பிரயோஜனமும் இல்லை. சரிவாக நின்றால்தான் அது வேலை செய்யும். சரிவாக எடுத்தால் படம் ஒரு பக்கம் குறுகியிருக்கும். அதைப் பிற்பாடு செயலிகளில் நிமிர்த்திக்கொள்ளலாம். ஆகாய விமானத்தின் ஜன்னலிலும் இது உதவாது. அங்கே இருப்பது பிளாஸ்டிக். பில்டரை வைத்தால் வானவில் வர்ணங்கள் கோடு கோடாகத் தோன்றி மேகத்தைக் கெடுக்கும். தஞ்சாவூர்ப் படங்களைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை: கண்ணாடியின் மினுக்கு வேறு, தங்க ரேக்கின் மினுக்கு வேறு. உலோகத்தின் பளபளப்பு பில்டருக்கு முற்றும் அடங்காது, அடக்கவும் வேண்டாம். கிருஷ்ணனுடைய கிரீடத்தில் பொன் பொன்னாகத் தெரிய வேண்டுமானால், பக்கத்திலிருந்து ஒரு கீற்று ஒளி அதன்மேல் படத்தான் வேண்டும்.

ரெயில் ஜன்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்சாதன வண்டிகளில் திறக்க முடியாத கண்ணாடிக்கு வேண்டுமென்றே சாயம் கொடுத்திருக்கிறார்கள். நெல் வயல் நீலம் பாய்ந்து, மாலை வானம் சோர்ந்து தெரிகிறது. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்து, சுற்றிலும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு எடுத்தால் எதிர் ஆசனத்துக்காரரின் முகம் வயலுக்கு நடுவே முளைக்காது. அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிகளுக்கும், தொட அனுமதியிருக்கும் இடங்களில், இதே வழிதான். சாதாரண இரண்டாம் வகுப்பு வண்டியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். இந்தத் தொல்லையே இல்லை. பணம் குறைவாகக் கொடுப்பவனுக்குக் கிடைக்கிற சில சௌகரியங்களில் இதுவும் ஒன்று.

எடுத்தாயிற்று. இனி திருத்துவது. இங்கேதான் கூட்டலையும் குறைத்தலையும் பிரித்தறிந்தது உதவுகிறது. சாயல் என்பது எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் சிவப்போ நீலமோ குறைந்திருப்பது. விகிதம் தெரிந்தால் வகுத்துச் சரிசெய்துவிடலாம். விஷயம் ஒன்றும் நஷ்டமாகவில்லை. விகிதத்தை எப்படி அறிவது? வெள்ளை அல்லது சாம்பல் நிறம் என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளைச் சட்டத்தின் ஓரத்தில் சாத்திவைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு செயலியில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, இது நிறமற்றது என்று சொன்னால் மற்றதையும் அதே கணக்கில் திருத்திக்கொள்ளும். இதற்கென்று சாம்பல் நிற அட்டை கடைகளில் கிடைக்கிறது. பளிச்சென்ற வெள்ளைக் காகிதத்தை அவ்வளவாக நம்ப வேண்டாம். வேஷ்டிக்கு நீலம் போடுவதுபோல் அதற்கும் ஒளிரும் மருந்து சேர்த்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில் அநேகர் செய்யும் விபரீதம் ஒன்று உண்டு. படத்தின் பழுப்பேறிய ஓரத்தையே தொட்டு, 'இது வெள்ளை' என்று செயலியிடம் சொல்லிவிடுகிறார்கள். உடனே பழுப்பு முழுதும் மறைந்து, நேற்று எடுத்த படம்போல் ஆகிவிடுகிறது. ஆனால் அந்தப் பழுப்பு கண்ணாடியின் சாயல் அல்லவே! பழைய படங்களில் பலவற்றிற்கு ஸ்டூடியோக்காரர் வேண்டுமென்றே மருந்தில் தோய்த்துக் கபில நிறம் கொடுத்திருப்பார். அது படத்தின் சொந்த நிறம். கண்ணாடி சேர்த்ததைக் களைய வந்தவர்கள், தாத்தா காசு கொடுத்துப் போட்டுக்கொண்டதையும் சேர்த்துக் களைவது தர்மமன்று.

வரிசை முறையும் முக்கியம். கண்ணாடியின்மேல் பால் தெளித்தாற்போல் ஒரு வெளிறல் படர்ந்திருந்தால், அது கூட்டல் வகையைச் சேர்ந்தது. முதலில் அதைக் கழிக்க வேண்டும். பிறகுதான் நிறத்தை வகுக்க வேண்டும். கறுப்பாகவே இருக்கவேண்டிய தலைமயிர் சாம்பலாகத் தெரிந்தால், செயலியில் 'பிளாக்ஸ்' என்றிருப்பதைக் குறைத்து முதலில் அதைக் கறுப்பாக்குங்கள். அப்புறம் 'டெம்பரேச்சர்', 'டின்ட்' என்ற இரண்டையும் கொஞ்சங் கொஞ்சமாக நகர்த்துங்கள். முன்பின்னாகச் செய்தால் வெளிறலுக்கும் சேர்த்துச் சாயம் ஏறி, நிழல்களெல்லாம் ஊதாவாகிவிடும்.

படத்தின்மேல் தெளிவாகப் படிந்துவிட்ட ஜன்னலையும் விளக்கையும் நீக்குவது இவ்வளவு எளிதன்று. காமிரா எழுதி வைத்திருப்பது கூட்டுத்தொகை மட்டுமே. 10 என்று இருந்தால், தாத்தா 7 ஜன்னல் 3-ஆ, அல்லது தாத்தா 4 ஜன்னல் 6-ஆ என்று அதிலிருந்து எந்தக் கணித மேதையாலும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மூன்று படங்கள் இருந்தால் சொல்லலாம். காமிராவை அசையாமல் ஒரு தாங்கியில் நிறுத்தி, கறுப்புத் துணியை ஒருவர் இடம் மாற்றி மாற்றிப் பிடிக்க, நாலைந்து படங்கள் எடுங்கள். தாத்தா எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருப்பார். பிரதிபலிப்பு மட்டும் இடம் மாறும், அல்லது மறையும். பிரதிபலிப்பு ஒருநாளும் ஒளியைக் குறைக்காது, கூட்டவே செய்யும். ஆகவே படத்தின்மேல் விழும் வெளிச்சம் மாறாதிருக்குமானால், ஒவ்வோர் இடத்திலும் எந்தப் படத்தில் மிகவும் கறுப்பாக இருக்கிறதோ அதுவே உண்மைக்கு மிக அருகில் இருப்பது. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 'டார்க்கன்' என்ற முறையைத் தேர்ந்தால் கம்ப்யூட்டர் இந்தக் காரியத்தைச் செய்துவிடும். கூகிள் நிறுவனத்தார் 2016-ல் வெளியிட்ட 'போட்டோஸ்கேன்' என்ற செயலி, போனை நாலு புள்ளிகளுக்கு நகர்த்தச் சொல்லிப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கியதும் ஏறத்தாழ இதே தத்துவத்தில்தான். இது நேர்மையான வழி. இதில் வரும் ஒவ்வொரு புள்ளியும் மெய்யாகவே படத்திலிருந்து வந்தது.

ஒரே படத்தைக் கொடுத்தால் போதும், பிரதிபலிப்பை மாயமாக மறையச் செய்கிறோம் என்று இப்போது வேறு வகைச் செயலிகள் புறப்பட்டிருக்கின்றன. அடோபி நிறுவனம்கூட 2024 டிசம்பரில் தன் 'காமிரா ரா'வில் இத்தகைய வசதியைச் சோதனையாகச் சேர்த்தது. இவற்றை நாம் அடியோடு வெறுக்கவில்லை. ரெயில் ஜன்னல் வழியாக எடுத்த மலைக்கும், கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பட்டுப் புடவைக்கும் தாராளமாக உபயோகிக்கலாம். ஆனால் அவை செய்வது முழுவதும் கழித்தல் கணக்கு அல்ல. எண்ணிறந்த படங்களைப் பார்த்துப் பழகிய ஓர் ஊகம். பிரதிபலிப்பு மெல்லியதாக இருந்து அடியில் விஷயம் மிஞ்சியிருக்கும் இடத்தில் ஊகம் சரியாகவே இருக்கும். குழல் விளக்கு விழுந்து முழு வெள்ளையாகிப் போன இடத்தில் அடியில் ஒன்றுமே இல்லை. அங்கே செயலி கண் வரைகிறது. அழகான கண்தான், பாட்டியின் கண் அல்ல.

பாட்டியின் வைர மூக்குத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தில் அது ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி வைரமா, விளக்கின் பிம்பமா என்று செயலிக்கு எப்படித் தெரியும்? பிம்பம் என்று கருதித் துடைத்துவிட்டுக் கன்னத்தையும் வழவழவென்று செய்து கொடுத்துவிட்டால், 'பாட்டி மூக்குத்தி போட்டுக்கொள்வதில்லையாக்கும்' என்று பேத்தியின் பெண் சொல்லப் போகிறாள். அந்த மூக்குத்தியையே அவள் அணிந்துகொண்டிருந்தாலும் இருக்கலாம். பாட்டியை நேரில் பார்த்தவர் ஒருவர் வீட்டில் இருக்கும் வரையில், 'இது அவள் ஜாடை இல்லையே' என்று சொல்ல ஆள் உண்டு. அவருக்குப் பிறகு யார் சொல்வது? கோட்டின் மடிப்பைச் செயலி வரைந்தால் பாதகமில்லை. முகத்தை வரைய விடலாகாது. முகத்தின்மேல் ஜன்னல் கம்பி கொஞ்சம் தெரிந்தாலும் தெரியட்டும். அந்தக் கம்பியும் அந்த வீட்டைச் சேர்ந்ததுதானே.

ஆகையால் எடுத்த படத்தைத் திருத்தாமல் ஒரு பிரதி, திருத்தி ஒரு பிரதி என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். திருத்தியதன் பெயரிலேயே 'திருத்தியது' என்று எழுதி வையுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார், எந்த ஊர் என்பதையும், வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு, அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் பின்பக்கத்துக் காகிதத்தையும் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. ஸ்டூடியோவின் முத்திரையோ, பென்சிலில் எழுதிய தேதியோ அதில் இருக்கக்கூடும்.

ஒட்டாமல் தப்பிய படமாக இருந்தால், புதிதாகச் சட்டம் போடும்போது கடைக்காரரிடம் இரண்டு விஷயங்களை வற்புறுத்த வேண்டும். முதலாவது, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு பக்கமும் அமிலமில்லாத அட்டை வைத்து ஓர் இடைவெளி விட வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் இருந்தாலும் போதும். 'படம் உள்ளே தள்ளித் தெரியுமே' என்று அவர் ஆட்சேபிப்பார். இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது, கண்ணாடியின் தேர்வு. மினுங்காத கண்ணாடி என்று சொல்லி மலிவாக விற்பது, பெரும்பாலும் முகத்தைச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி; அது பிரதிபலிப்பை நீக்காமல் கலைத்துப் பரப்பி, இடைவெளி விட்டு வைத்த படத்தைப் பனிமூட்டத்தில் ஆழ்த்தும். மெல்லிய பூச்சுக் கொடுத்த கண்ணாடி வேறு வகை. 1892-ல் டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர், காற்றுப் பட்டு மங்கிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். 1935-ல் ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியைச் சேர்ந்த ஸ்மகுலா என்பவர் அதையே பூச்சாகச் செய்யும் முறையைக் கண்டார். காமிரா லென்ஸ்களுக்கு வந்த அந்தப் பூச்சே இன்று படக் கண்ணாடிக்கும் வந்திருக்கிறது. விலை அதிகந்தான். வாங்க இயலாதவர்கள் சாதாரணக் கண்ணாடியையே போட்டு, படத்தை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாமல், ஜன்னல் இருக்கிற சுவரிலேயே ஒரு பக்கமாக மாட்டிக்கொள்ளலாம்.